இட்டேரிக்கு ஒரு லோடு

டிப்பர் தொட்டியைத் தூக்கியபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மண் இப்படிச் சத்தம் போடாது.

புழுதி அடங்கியதும் பார்த்தாள். உடைந்த செங்கல். காரை ஒட்டிய சுவர்த் துண்டு. நடுநடுவே, யார் வீட்டுக் குளியலறையிலோ ஒட்டியிருந்த டைல்ஸ், நீலப் பூப் போட்டது, சில்லுச் சில்லாக.

அவள் கேட்டிருந்தது சுக்கான் மண்.

கட்டுத்தரையிலிருந்து மேய்ச்சல் காட்டுக்கு மாடுகள் போகிற இட்டேரி அது. ஒரு மழை பெய்தால் முழங்கால் சேறு. சுக்கான் மண் கொட்டித் தண்ணீர் தெளித்து, மேலே உருளையை ஓட்டினால் தளம் போட்டது மாதிரி இறுகிக்கொள்ளும், குளம்பையும் கிழிக்காது. அதைத்தான் அவள் முதல் நாளிலிருந்து சொல்கிறாள். செவிடன் காதில் ஊதிய சங்கு. அவள் ஒன்றைச் சொல்வதும், புருஷன் சென்னியப்பன் வேறொன்றைக் கொட்டிவிட்டு வந்து நிற்பதும் இது மூன்றாவது தடவை.

முதலில் குளத்து வண்டல். வண்டலை வயலுக்குப் போடுவார்கள், வழிக்குப் போடுவார்களா? அடுத்த மழையில் மாடு வயிறு வரை புதைந்தது.

அப்புறம் முக்கால் இஞ்சு ஜல்லி. வீட்டுக்குக் கான்கிரீட் போடுகிற ஜல்லி. அதில் நடந்துதான் செவலைப் பசுவுக்குக் குளம்பின் இடுக்கில் கல் ஏறிச் சீழ் பிடித்தது. அத்தனை ஜல்லியையும் வாரி ஓரத்தில் குவிப்பதற்குள் அவளுக்கு இடுப்பு விட்டுப்போனது.

செவலை இப்போது நிறைசினை.

மாட்டு டாக்டர் வந்து காலைத் தூக்கி, புண்ணுக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் அமுக்கினார். வெடுக்கென்று காலை இழுத்து, அவரையே கீழே தள்ளப் பார்த்தது.

"வலி தெரியுதில்லீங்களா, அப்பப் பொழச்சுக்கும்," என்றார். "இன்னொருக்கா அந்தக் கால் கிழிஞ்சா மாடு படுத்துக்கும். அப்புறம் எந்திரிக்காது."

படுத்த மாட்டைத் தேடி எந்த லாரி வரும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

டிப்பர் போய்விட்டது. சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பெரிய காரியம் முடித்தவர் போல நின்றார். மேற்கே ஒரு வீட்டை இடிக்கிறார்களாம். சும்மாவே அள்ளிக்கொள்ளச் சொல்லிவிட்டார்களாம்.

சும்மா கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற வம்சம்.

"ஏனுங்க, மாடு என்ன செருப்பா போட்டிருக்குது?"

"நடந்து பாக்காமயா அம்மிணி ஏத்துவேன்?"

அந்தப் பக்கத்து வழக்கம் அது. இட்டேரியில் எதைக் கொட்டுவதானாலும், கொட்டுகிறவன் முதலில் அதன்மேல் வெறுங்காலில் நடந்து பார்க்க வேண்டும். தன் கால் பொறுத்தால்தான் மாட்டின் கால் பொறுக்கும். ஜல்லி வந்த அன்றைக்கும் அவர் இதையேதான் சொன்னார், நடந்து பார்த்தேன் என்று.

பொய் சொல்கிறபோதுகூட முகம் மாறாத மனுஷன்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சர்க்கரை மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, தண்ணீரையும் நீட்டினால்தான் வாய்க்குள் போகும். போன வாரம் காட்டிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்தார். இன்னொன்று எங்கே என்று கேட்டால், குனிந்து காலைப் பார்த்துவிட்டு "அட" என்கிறார். இப்படி ஓர் ஆளுக்கு வாக்கப்பட்டுவிட்டு யாரை நொந்துகொள்வது?

"கழட்டுங்க செருப்பை. என்ற கண்ணு முன்னால நடங்க, பாக்கலாம்."

நாலு எட்டு வைப்பார். ஐயோ அப்பா என்று குதிப்பார். அப்போது வைத்துக்கொள்ளலாம் என்று வசவுகளை வாயிலேயே அடுக்கி வைத்திருந்தாள்.

அவர் நடந்தார்.

செங்கல்லின் மேல் ஏறினார். டைல்ஸ் மேல் ஏறினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயில் பிராகாரம் சுற்றுகிறவர் மாதிரி. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பாதி வழியில் நின்று வானத்தைப் பார்த்து, சாயங்காலம் மழை வரும் போல இருக்கிறது என்றார்.

குவியலின் கடைசி வரை போனார். திரும்பி வந்தார்.

"பாத்தியா? நம்மூட்டு வாசலாட்டவே இருக்குது."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் வந்த வழியைப் பார்த்தாள்.

நீலப் பூவின்மேல் சிவப்பு.

சற்றுத் தள்ளி இன்னொரு சில்லில். அதற்கப்பால் ஒரு செங்கல்லின் விளிம்பில். வலது கால் பட்ட இடமெல்லாம்.

குனிந்து ஒரு சில்லைத் தொட்டாள், விரலில் ஈரம் ஒட்டியது.

அப்படியானால் ஜல்லியிலும் நடந்துதான் பார்த்திருக்கிறார்.

"உக்காருங்க."

"எதுக்கு?"

"உக்காருங்கன்னா."

ஓரத்தில் கிடந்த ஜல்லிக் குவியலின் மேலேயே உட்கார்ந்தார். அவள் எதிரில் மண்டியிட்டாள். செவலையின் காலைத் தூக்குவது போலவே அவருடைய வலது காலைத் தூக்கி மடியில் வைத்தாள். பாதத்தின் நடுவில் டைல்ஸ் சில்லு ஒன்று ஏறி, நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

அதற்குப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்தாள்.

கட்டுத்தரையிலிருந்து செவலை கத்தியது. மேயப் போகிற நேரம்.

அவர் மாட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னார். "சும்மா என்ன பாத்துட்டே இருக்கறே? முள்ளுகிள்ளு இருந்தா அமுக்கிப் பாரு."

அவள் அமுக்கிக்கொண்டுதான் இருந்தாள்.