கூப்பிட்டதும் வந்துவிடுகிறார்

நாமக்கல் கடைவீதியில் கணினிக் கடை வைத்திருக்கும் நஸ்ரினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. போன வாரம் வாங்கிய புது எஸ்.எஸ்.டி. என்ற அதிவேகச் சேமிப்பகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள் தமயந்தி. இறந்துபோன கணவர் செங்கோடனின் ஒளியுருவத்தையும் குரலையும் பேச்சையும் அதில்தான் ஏற்றி, வீட்டுக் கணினியில் மாட்டியிருந்தாள்.

“என்னக்கா, மெதுவா வர்றாரா?”

“இல்லீங்க. ‘ஏனுங்க’ன்னு வாயெடுக்கறதுக்குள்ள கூடத்துல வந்து நிக்கறாரு.”

“அது நல்லதுதானேக்கா?”

“லாரி ஓட்டுனவருங்க அவரு. கூப்பிட்டதும் என்னைக்கு வந்திருக்காரு? குஜராத்துல இருந்து கெளம்பிட்டேன்னு போன் வந்தா, அப்பறம் வாசலையே பாத்துட்டு உக்காந்திருப்பேன். பழைய சுத்தற ஹார்ட் டிஸ்க் ஒண்ணு குடுங்க.”

மூலையில் தூசி படிந்து கிடந்த ஒன்றை நஸ்ரின் தேடி எடுத்தாள். “இது இழுத்து இழுத்துத்தான் ஓடும். சத்தம் வேற போடும்க்கா.”

“போடட்டுங்க.”

நஸ்ரின் எல்லாவற்றையும் அதற்கு மாற்றிக் கொடுக்க, தமயந்தி வீட்டுக்கு வந்து மாட்டிவிட்டுக் கூப்பிட்டாள். கூடம் வெறுமையாகவே இருந்தது. பெட்டிக்குள் டிஸ்க் மெல்ல உறுமத் தொடங்கியது; லாரி தெருமுனையில் திரும்பும்போது கேட்குமே, அதே உறுமல்.

தமயந்தி அவசர அவசரமாகத் தலையைக் கோதி முடிந்துகொண்டு, தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.