வி மட்டும் பெருசு

“பாஸ்வேர்டு சொல்லுங்க சார்.”

ஸ்டூல்மேல் ஏறி, பரண் ஓரத்தில் கண்சிமிட்டிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தபடி கேட்டார் நெட் சரிபார்க்க வந்த ரங்கராஜ்.

வீட்டுக்காரர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.

காலையிலிருந்து இணையம் விக்கி விக்கித்தான் வந்தது. பதினொரு மணிக்கு மகளுக்கு நேர்காணல். சிங்கப்பூர் கம்பெனி. சஹானா தலைவாரி லேப்டாப் முன் உட்கார்ந்து, திரையில் சுற்றிக்கொண்டே இருந்த வட்டத்தை வெறித்துக்கொண்டிருந்தாள்.

“சார், பாஸ்வேர்டு.”

“போனை இப்படிக் குடுங்க. நானே போட்டுத் தர்றேன்.”

எப்போதும் அப்படித்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் போனை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அவரே போட்டுக் கொடுப்பார். மச்சினனுக்கும் அதே கதிதான். ஜன்னல் கம்பியை வளைத்து வந்த கள்ளன் இப்போது காற்றில் வருகிறான் என்று சின்னதாக ஒரு பிரசங்கமும் நடக்கும். சொந்தபந்தத்தில் அவருக்கு விவரமானவர் என்று பெயர்.

விவரம் வேறு.

இணைப்பு கொடுத்த அன்று, மறக்காத மாதிரி ஏதாவது வையுங்கள் என்றார்கள். யோசிப்பதற்குள் விரல் தட்டிவிட்டது.

வசுமதி. கூடவே, கல்லூரி நாட்களில் அவள் ஏறிப் போன டவுன் பஸ்ஸின் எண்.

யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தார். பூமாதேவியின் பெயர் என்று.

யாரும் கேட்டதில்லை.

ரங்கராஜின் போனில் விரிசல் விட்ட திரை. தட்டினார். தவறு என்றது. மறுபடி தட்டினார். மறுபடியும் தவறு.

“அப்பா, மணி ஆகுது.”

“வாயில சொல்லுங்க சார், நான் போட்டுக்கறேன்.”

“பொறுங்க, பொறுங்க.”

அடுக்களையில் தாளிக்கும் சத்தம் அடங்கியது.

“வி மட்டும் பெருசு தம்பி.” அவர் மனைவி கோமதியின் குரல். “வசுமதி. மத்ததெல்லாம் சின்ன எழுத்து. கடைசியில எழுபது. நடுவுல இடம் விடாதீங்க.”

கடைக்காரரிடம் கொத்தமல்லியும் சேர்த்துப் போடச் சொல்வது போன்ற குரல்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. அவர் அதை மிகவும் கவனமாகப் பார்த்தார்.

போனைத் திரும்ப வாங்கித் தட்டிய ரங்கராஜ், “வந்துருச்சுங்க,” என்றார்.

“பூமாதேவி பேருங்க அது,” என்றார் அவர்.

“அந்த எழுபதுங்க?” என்றார் ரங்கராஜ்.

காகம் பறந்துவிட்டது.

ரங்கராஜ் போனில் எதையோ திறந்து, மேலும் கீழும் தள்ளிப் பார்த்து, ஸ்டூலை விட்டு இறங்கினார்.

“இந்த அப்பார்ட்மென்ட்டே உங்க வைஃபைல தானுங்க ஓடுது. அப்பறம் வேகம் எங்கிருந்து வரும்? இங்க பாருங்க. ரேவதி டெய்லர். அயர்ன் கடை. செக்யூரிட்டி பழனிச்சாமி. மாடி வீட்டு டிவி.”

கோமதி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து எட்டிப் பார்த்தாள்.

“ஆமா, நான்தான் சொன்னேன். கேட்டாங்க. இல்லைன்னு எப்படிச் சொல்றது?”

“உனக்கு எப்படி…”

“என் போன்லயே காட்டுதே. ஷேர்னு ஒண்ணு இருக்குது, அமுக்குனா வரும். சஹானா ப்ளஸ் டூ படிக்கறப்பவே சொல்லிக் குடுத்தா.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பழனிச்சாமி அந்தப் பெயரை எழுத்துக் கூட்டித் தட்டியிருப்பார். ரேவதி துணி வெட்டும் மேசையில் வைத்துத் தட்டியிருப்பாள். பார்க்கிங் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன மாடி வீட்டுக்காரர், லிஃப்ட்டில் பார்க்கும்போதெல்லாம் ஏன் சிரிக்கிறார் என்று இப்போது புரிந்தது.

“எல்லாரையும் வெளிய தள்ளணும்னா பாஸ்வேர்டை மாத்தணுங்க,” என்றார் ரங்கராஜ். “புதுசா ஒண்ணு சொல்லுங்க சார். யாருக்கும் தெரியாததா.”

அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. யாருக்கும் தெரியாததாக அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

“சித்தார்த்தன்,” என்றாள் கோமதி.

“பேரு மட்டும் பத்தாதுங்க்கா. நம்பரும் வேணும்.”

“தொண்ணூத்தி மூணு.”

யோசிக்கவே இல்லை.

அவர் யோசித்தார். கோமதியின் அண்ணன்மார், மாமன்மார், மாமன் மகன்கள். குலதெய்வம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அந்தப் பெயரில் யாரும் இல்லை. இவர்களுக்குக் கல்யாணம் ஆனது தொண்ணூற்று ஐந்தில்.

புத்தருடைய பெயர் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கோமதிக்குப் புத்தர்மேல் பக்தி இருந்ததாக ஞாபகம் இல்லை.

“இது நல்ல பாஸ்வேர்டுங்க,” செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார் ரங்கராஜ். “யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.”

உள்ளறையில் நேர்காணல் தொடங்கியிருந்தது. சஹானா ஆங்கிலத்தில், தடங்கலே இல்லாமல், தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவருடைய போன் மட்டும் இன்னும் வெளியே நின்றது.

தட்டினார். தவறு என்றது. ஒரு எழுத்தை மாற்றித் தட்டினார். அதுவும் தவறு.

பேப்பரை எடுத்துப் படித்தார். மடித்து வைத்தார். மறுபடி எடுத்தார்.

பிறகு எழுந்து அடுக்களை வாசலில் போய் நின்றார்.

“அந்தப் பேருல… எத்தனை ஹெச் வரும்?”

கோமதி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“ரெண்டு. அவரு ரெண்டு போட்டுத்தான் எழுதுவாரு.”