பிலிமத்தலாவை நேயர்

"நாவலப்பிட்டி வடிவம்மா யாரு?"

மனேஜர் இராமகிருஷ்ணன் கேட்ட விதத்திலேயே ரபீகாவுக்கு விளங்கிவிட்டது, குட்டு உடைந்துவிட்டதென்று.

"நம்ம பரிமளம் அக்கா, சேர்."

"தேத்தண்ணி ஊத்துற பரிமளமா? அப்ப தெல்தெனிய செல்லச்சாமி?"

"டெக்னீஷியன் நஸீம். பக்கத்து ரூம்ல இருந்து பேசுவார்."

கட்டுகஸ்தோட்டையில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இயங்கும் அந்தக் குட்டி வானொலிக்கு இது மூன்றாவது அவதாரம். முதலில் பக்திப் பாட்டும் மரக்கறி விலையும் போட்டார்கள். யாரும் கேட்கவில்லை. பிறகு பேச்சே இல்லாமல் வெறும் பாட்டு. அதுவும் எடுபடவில்லை. இப்போது நேயர்கள் தொலைபேசியில் பேசும் காலை நிகழ்ச்சி. அறிவிப்பாளர் ரபீகா ரெடி, நேயர்களைத்தான் காணோம். எங்கே நிகழ்ச்சியைத் தூக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் அவளே நேயர்களைத் தயாரித்துவிட்டாள்.

"உண்மையான நேயர் வீட்டுல நம்ம ரேடியோ பாடிக்கிட்டு இருக்கும். போன்ல அது கீச்சுன்னு எதிரொலிக்கும். இவங்க ரெண்டு பேருகிட்டயும் ஒரு நாளாவது ரேடியோவைக் குறைக்கச் சொன்னீங்களா?"

மனேஜர் பொய் என்ற சொல்லையே கேள்விப்படாதவர் மாதிரி, நேயர்களின் நம்பிக்கையைப் பற்றி நீளமாகப் பிரசங்கம் செய்தார். கடைசியில், இனி பழையபடி பாட்டு மட்டும் போதும் என்று தீர்ப்பும் சொன்னார்.

ரபீகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒருத்தர் மட்டும் நெசம் சேர். பிலிமத்தலாவை பொன்னுத்துரை ஐயா. பாவம், வயசானவர், மூச்சு வாங்க வாங்கப் பேசுவார். அவர் போன்ல ரேடியோ சத்தம் கேக்கும். நாளைக்கு அவருகிட்ட மட்டும் சொல்லிட்டு முடிச்சிர்றேன்."

மனேஜர் ஏனோ தொண்டையைச் செருமினார். பிறகு தலையாட்டினார்.

மறுநாள் காலை முதல் அழைப்பே பொன்னுத்துரை ஐயாதான். நிகழ்ச்சி இன்றோடு முடிகிறது என்று ரபீகா தழுதழுத்தபடி சொன்னாள்.

"வேணாம் மகள்," நடுங்கும் குரல் பதறியது. "உங்க மனேஜர் நல்ல மனுசன்னு கேள்வி. நான் பேசுறேன், கேப்பார்."

வழக்கம்போல் எதிரொலி கீச்சிட்டது. "ரேடியோவைக் கொஞ்சம் குறைங்க ஐயா" என்றபடி ரபீகா நிமிர்ந்தாள்.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அப்பால் மனேஜரின் அறை. எப்போதும் சாத்தியிருக்கும் அதன் கதவை, தேத்தண்ணி கொண்டுபோன பரிமளம் திறந்து போட்டுவிட்டுப் போயிருந்தாள். உள்ளே இராமகிருஷ்ணன் காதில் போனோடு எட்டி, ரேடியோவின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார். எதிரொலி அடங்கியது.

ரபீகாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோசம் வந்தது.

"நீங்க சொன்னா மனேஜர் கட்டாயம் கேப்பார் ஐயா," என்றாள் ஒலிவாங்கியில். "முதல்ல தேத்தண்ணியக் குடிங்க, ஆறிடப் போகுது."