மிதித்த பின் மூன்று நொடி

பட்டறை வாசலில் நிற்கும் பிக்கப்பின் ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்துகிறாள் அக்கா. இன்ஜின் முனகுகிறது. "ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்று அவள் கத்தி முடித்த பிறகுதான் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ விசிலடித்து எழுகிறது. கரும்புகை சுவரில் போய் அப்புகிறது. "இந்த மூணு செகண்டுலதான்டா காலையில லாரி என் கதவை உரசிட்டுப் போச்சு! போன வாரம் நீ மாட்டின டர்போ! கூடப் பிறந்தவளைக் கொல்லப் பார்த்தியா?"

"டர்போன்னா லேசா தாமதம் இருக்கும்க்கா. இவ்வளவு இருக்காது. கத்தாம இறங்கு."

"கத்துவேன்! இனி உன் பட்டறைப் பக்கம் தலைவெச்சுப் படுத்தா என்னன்னு கேளு!"

மெக்கானிக் தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரைத் திருகுகிறான். ஃபில்டரிலிருந்து டர்போவுக்குக் காற்று போகும் குழாய் கழன்று வருகிறது. உள்ளே இரண்டு விரலை விட்டு இழுக்கிறான். தூசி படிந்த ஆரஞ்சுத் துணி ஒன்று சுருண்டு வந்து வெயிலில் தொங்குகிறது.

"ஃபில்டரைக் கழட்டினப்போ தூசி விழாம அடைச்சிருக்காங்க. எடுக்க மறந்தாச்சு. மூச்சு முட்டினா வண்டி எப்படிக்கா ஓடும்? எவன் கை வெச்சான்?"

அக்கா அந்தத் துணியைப் பார்க்கிறாள். நேற்று ஃபில்டரைச் சுத்தம் செய்ய அவளே இரண்டாகக் கிழித்த ஆரஞ்சுத் துண்டின் மறுபாதி, வியர்வை துடைப்பதற்காக, அவள் இடுப்பில் செருகியிருக்கிறது.