திரைக்கு வெளியே

"எங்கப்பாவைப் பாதி துடைச்சுட்டு அப்படியே போட்டுட்டாங்க. முழுசா பத்து நிமிஷம்!"

ஏழாம் நம்பர் பெட் பெரியவரின் மகள் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

தலைமை நர்ஸ் எழுந்து வந்தார். வார்டில் அவருக்குக் 'கறார் சிஸ்டர்' என்று பெயர். படுக்கையில் கிடப்பவரைத் துடைக்க ஆரம்பித்தால், முடிக்காமல் நகரக் கூடாது. அது அவர் போட்ட சட்டம்.

"அந்த நர்ஸ் எங்கே போனாங்க?"

"எங்கேயும் போகல. திரைக்கு வெளியே கையைக் கட்டிக்கிட்டு நின்னாங்க. சரி, நானே துடைச்சு விடறேன்னு போனா, வழியை மறிச்சுக்கிட்டாங்க! நான் எழுதிக் குடுக்கத்தான் போறேன்."

தலைமை நர்ஸுக்குச் சுருக்கென்றது. அந்த நர்ஸைத் தன் அறைக்கு அழைத்தார்.

"அவங்க சொல்றது நிஜமா?"

"நிஜம்தான் சிஸ்டர்."

"ஏன் பாதியில வெளியே வந்தே?"

அவள் கையிலிருந்த ஈரத் துண்டை மடிக்க ஆரம்பித்தாள்.

"அடுத்த மாசம் உன் வேலை நிரந்தரமாகணும். இந்த நேரத்துல புகார் வந்தா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம் என்ன? காரணத்தைச் சொல்லித் தொலையேன்."

"அது என் விஷயமா இருந்தா சொல்லியிருப்பேன் சிஸ்டர். மெமோ குடுங்க, வாங்கிக்கறேன்."

குரலில் திமிர் இல்லை. ஆனால் ஒரு அங்குலம்கூட இறங்கி வரவும் இல்லை. இப்படி ஒரு பிடிவாதமா என்று தலைமை நர்ஸுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பெரியவரிடமே கேட்டுவிடலாம் என்று விடுவிடுவென்று நடந்தார்.

இடுப்பு எலும்பு முறிந்து, இரண்டு வாரமாகப் படுத்த படுக்கையாகக் கிடப்பவர். நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர். தலைமை நர்ஸ் திரையை இழுத்து மூடியதும், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லைம்மா."

"பின்னே?"

"எனக்கு அறுபத்தெட்டு வயசு. இந்தப் பாழாப்போன உடம்புக்கு வயசும் தெரியல, வெக்கமும் தெரியல. துடைச்சுக்கிட்டிருக்கும்போதே... நான் ஒண்ணும் நினைக்கலைம்மா. அதுவா..."

போர்வையை இடுப்புக்கு மேல் இழுத்துக்கொண்டார். தலைமை நர்ஸுக்குப் புரிந்துவிட்டது.

"இயற்கைதான் ஐயா. எல்லா ஆம்பளைங்களுக்கும் நடக்கறதுதான்."

"அந்தப் பொண்ணு முகம் கோணலைம்மா. போர்வையைக் கழுத்து வரைக்கும் போர்த்திட்டு, 'இதோ வந்துடறேன் ஐயா'ன்னு போயிடுச்சு. திரும்பி வந்து, 'லாரி ஓட்டினதுல எந்த ரோடு ரொம்ப மோசம்?'னு கேட்டுக்கிட்டே முதுகைத் துடைச்சுது. அப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் மகளுக்கு மட்டும் தெரிய வேண்டாம்மா. அவ முகத்துல முழிக்க முடியாது."

தலைமை நர்ஸ் வெளியே வந்தார். மகள் கையில் புகார்த் தாளுடன் காத்திருந்தாள். கொஞ்சம் தள்ளி, அந்த நர்ஸ் தலையைக் குனிந்தபடி நின்றாள்.

"விசாரிச்சீங்களா? என்னதான் காரணம்?"

"காரணம் நான்தாம்மா. சொன்னதையே மறந்துட்டேன். வேற வேலையா நான்தான் அவளை வெளியே வரச் சொல்லி நிறுத்தி வச்சேன். யாரையும் உள்ளே விடாதேன்னு சொன்னதும் நான்தான்."

அந்த நர்ஸ் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப இது உங்க தப்பா?"

"ஆமா. அவ பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதுங்க."

இருபத்தாறு வருஷ வேலையில் தன் மேல் வந்த முதல் புகாரை, தலைமை நர்ஸ் தன் பேனாவைக் கொடுத்தே எழுத வைத்தார்.