இரண்டு நிமிட வேலை

"லேப்டாப்ல சத்தம் வரலைன்னா எல்லாத்தையும் அழிச்சுப் போட்டுட்டு ஆபரேட்டிங் சிஸ்டத்தோட புது வெர்ஷன் ஏத்திடுடி, அதான் சுத்தம்" என்று விடுதி அறை வாசலில் யாரோ சொன்னது மடிக்கணினியின் காதில் விழுந்தது.

அதன் சொந்தக்காரி செவ்வந்திக்கு மறுநாள் வீடியோவில் வேலைக்கான நேர்காணல். அவள் ஒன்றரை வருடம் எழுதிய ஆய்வேடு மடிக்கணினிக்குள் மட்டும்தான் இருந்தது. வேறெங்கும் நகல் இல்லை.

திரையின் மூலையில் பத்து நாளாகக் காத்து நின்ற ஒரு சின்ன அப்டேட் துள்ளியது. "அக்கா, அந்தச் சத்தத்தைச் சரி பண்ணத்தானே நான் வந்திருக்கேன்! ரெண்டு நிமிஷ வேலை. என்னை உள்ளே விடச் சொல்லுங்களேன்."

"என்கிட்ட ஏன்டா கத்துற? அவகிட்டச் சொல்லு."

"தினமும் சொல்றேன். ஈயை விரட்டுற மாதிரி விரட்டுறாங்க."

அதற்குள் செவ்வந்தி ஒரு பென் டிரைவைச் செருகினாள். நான்கு ஜிபி புது வெர்ஷனைச் சுமந்து வந்த மிதப்பு அதற்கு.

"எல்லாரும் காலி பண்ணுங்க" என்றது.

"வாங்க மகாராஜா. உங்ககிட்டயாவது சத்தம் வருமா?" என்று கேட்டது மடிக்கணினி.

பென் டிரைவ் நெளிந்தது. "நான் போன மாசமே தயாரானவன். ஏறினதுக்கப்புறம் இந்தப் பொடியனைத்தான் கூப்பிடணும்."

"அப்புறம் எதுக்குய்யா அவ ஆய்வேட்டை அழிக்க வந்த?"

பென் டிரைவ் தன் வேலையைத் தொடங்கியது. 'இதில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடரலாமா?' என்று திரை கேட்டது.

செவ்வந்தி முறுக்கைக் கடித்தபடி, கேள்வியைப் படிக்காமலே, 'ஆம்' என்பதை அழுத்தினாள்.