சிவராமனுக்கு ஒரு டேப்

"இதுல வர்ற குரல், எங்க வீட்டுக்காரர் குரல் மாதிரியே இருக்குமாம்மா?"

உமாமகேஸ்வரி இப்படிக் கேட்டதும் கடையில் நின்ற ஜென்சி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மொட்டைத் தலை, வெறும் காது, வெறும் மூக்கு, அரை ஆளாய் இளைத்த உடம்பு. ஐயா தவறி எவ்வளவு நாளாச்சு என்று தயங்கித் தயங்கி விசாரித்தாள். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை, பார்க்கிற யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

"அவரு இருக்காரும்மா. பக்கவாதம் வந்து பேச்சுதான் போயிடுச்சு" என்றாள் உமா. ரவிக்கைக்குள் கிடந்த மஞ்சள் கயிற்றைக் கை தானாகத் தொட்டுக்கொண்டது.

ஜென்சிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. பெரிய போன் மாதிரி இருந்த டேப்பை அவசர அவசரமாகத் திறந்து காட்டினாள். விரலால் எழுத்தைத் தொட்டுத் தொட்டு எழுதி, ஓரத்துப் பொத்தானை அமுக்கினால் அதுவே வாசித்துவிடும். ஆண் குரலும் உண்டு, பெண் குரலும் உண்டு.

இதைத்தான் வாங்கச் சொல்லியிருந்தார் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டர். சிவராமனுக்கு வலது கை விழுந்துவிட்டது, பார்வையும் பாதி மங்கல். போனில் உள்ள எழுத்து தெரியாது, பெரிதாக இருந்தால் இடது கையால் சமாளித்துவிடுவார், புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்று அடித்துச் சொன்னார் டாக்டர்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த அந்தக் கடைக்கு உமா வருவது இது மூன்றாவது தடவை. விலைக்குத்தான் யோசிக்கிறாள் என்று நினைத்து, தவணையிலும் எடுக்கலாம் என்றாள் ஜென்சி. விலையா பிரச்சினை? அவர் பேசிவிடுவாரே என்பதுதான் உமாவின் பயம்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை. தண்ணீர் மோட்டாரை அணைக்க மறந்ததற்காக அரை மணி நேரம் விடாமல் கத்தினார் சிவராமன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இரும்புச் சத்தத்துக்கு நடுவே முப்பது வருஷம் கத்திப் பழகிய தொண்டை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, உமா ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"உங்க வாய் அடைஞ்சு போனாத்தான் எனக்கு நிம்மதி."

"இரு, குளிச்சிட்டு வந்து பதில் சொல்றேன்" என்று துண்டை எடுத்துக்கொண்டு போனவர்தான். குளியலறைக் கதவை உடைத்துத் தூக்கி வரும்போது வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

அந்த வாயைப் பார்த்த நாளிலிருந்து உமாவுக்குத் தூக்கம் கிடையாது. அவர் ஐசியூவில் நினைவில்லாமல் கிடக்கும்போதே சமயபுரத்துக்கு ஓடினாள். தாலியையும் தோடு மூக்குத்தியையும் உண்டியலில் போட்டுவிட்டு, வெறும் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டாள். மாசா மாசம் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டாள். சபித்தது இந்த வாய்தானே, அவர் ஒரு வார்த்தை பேசுகிற வரைக்கும் அவர் காதுபட இது திறக்காது என்றும் அம்மனிடம் சத்தியம் செய்தாள்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் சொன்னபடியே இருந்தாள். போன் வந்தால் கொல்லைப்பக்கம் போவாள், வருகிறவர்களை வாசலிலேயே பேசி அனுப்பிவிடுவாள். அவருக்குச் சோறு ஊட்டுவது, துடைத்துவிடுவது எல்லாம் சத்தமில்லாமல் நடக்கும்.

அவரும் சும்மா இல்லை. கடைசி வாய் ஊட்டி முடித்ததும் இடது கையைத் தூக்கி நெற்றியில் வைத்துக் கும்பிடுவார். போதும் தாயே உன் சகவாசம் என்கிற கும்பிடு அது. உடம்பு துடைக்கும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். மற்ற நேரமெல்லாம் அவளைத் தாண்டி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். என் முகத்தில் விழிக்கவே அவருக்கு வெறுப்பாக இருக்கிறது என்று கொல்லையில் நின்று அழுவாள் உமா.

இப்போது அந்த மனுஷன் கையில் எழுத்தைக் கொடுத்தால், குளித்துவிட்டு வந்து சொல்வதாகச் சொன்ன பதிலைத்தானே முதலில் சொல்வார்?

"இது அவங்க பேசுறதுக்குத்தானேக்கா? வேணுமா வேணாமான்னு நீங்க எப்படி முடிவு பண்ண முடியும்?" என்றாள் ஜென்சி, டேப்பைத் திரும்ப உள்ளே வைக்கப் போனவள்.

சுருக்கென்று தைத்தது உமாவுக்கு. கொடும்மா என்று வாங்கிக்கொண்டாள்.

டவுன் பஸ் காவிரிப் பாலம் தாண்டி திருவானைக்காவலில் இறக்கிவிடுகிற வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அவர் பேசிய அடுத்த நொடி காலில் விழுந்து, தெரியாம சொல்லிட்டேங்க என்று கதறிவிட வேண்டும்.

தலையணையில் சாய்த்து வைத்த டேப்பைப் பார்த்ததும் சிவராமனின் கண்கள் கலங்கின. யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இடது விரல் தானாக எழுத்துகளைத் தேடிப் போனது.

அவர் எழுதுவதைப் பார்க்கத் தைரியமில்லாமல், கட்டில் காலருகே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள் உமா. அடிப்பதும் அழிப்பதுமாகக் கால் மணி நேரம் போனது.

கடைசியில் அந்த அந்நியக் குரல் நிறுத்தி நிதானமாகக் கேட்டது.

"சிஸ்டர், உமா ஏன் என்னைப் பாக்க வரவே இல்ல?"